படம் பார்த்து இங்கிலீஷ் கற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்வழியில் படித்துவிட்டு, வேலைக்கு வந்த பிறகு இங்கிலீஷோடு மல்லுக்கட்டியவன் நான். ஓடிடி தொடர்களை வைத்துத்தான் வார்த்தை சேர்த்தேன். இப்போது நண்பர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் அதையே செய்யப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

சும்மா படம் பார்த்தாலே இங்கிலீஷ் வந்துவிடுமா?

வராது. கதை வரும், நடிகர்களின் பெயர் வரும், கொஞ்ச நேரத்தில் தூக்கமும் வரும்.

ஆனால் பார்த்துக் கற்பது நமக்குப் புதிதும் அல்ல. இங்கிலீஷ் பேப்பரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், டீக்கடையில் நின்றுகொண்டு 'யார்க்கர்', 'எட்ஜ்', 'மிஸ்ஃபீல்ட்' என்று துளி பிசகாமல் பேசுவார்கள். யாரும் அகராதி புரட்டிக் கற்றதில்லை. பந்து மட்டையின் ஓரத்தில் உரசுவது கண்ணில் பட்ட அதே நொடியில் 'எட்ஜ்டு' என்று காதில் விழுந்தது. ஒரே மேட்ச்சில் பத்து தடவை விழுந்தது. அவுட்டா இல்லையா என்ற பதற்றத்தில் மனசும் அங்கேயே இருந்தது. தொடர் பார்க்கும்போதும் இதே சேர்மானம் அமைய வேண்டும். அது தானாக அமையாது, கொஞ்சம் நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு படம் புரிய எத்தனை வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்?

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 318 படங்களின் வசனங்களை அலசி 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் ஆள்பெயர், ஊர்ப்பெயர்களும் தெரிந்தால் வசனத்தில் சுமார் 95 சதவீதம் அடங்கிவிடுகிறது. 98 சதவீதத்தைத் தொட 6,000 வேண்டும். சொற்குடும்பம் என்பது 'ஹெல்ப்', 'ஹெல்ப்டு', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்' எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக எண்ணும் கணக்கு.

95 என்றதும் பாஸ் மார்க்குக்கு மேலே என்று தோன்றும். இருபது வார்த்தைக்கு ஒன்று தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். படமும் நடிப்பும் கைகொடுப்பதால் அதைச் சமாளித்துவிடலாம்.

எல்லா வார்த்தையும் தெரிந்ததுதான். ஆனால் வசனம் புரியவில்லையே, ஏன்?

மற்ற கேள்விகளை விட்டாலும் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு காட்சி. எந்தத் தொடரிலிருந்தும் எடுத்ததல்ல, ஆனால் இந்த மாதிரிப் பேச்சு வராத அமெரிக்கத் தொடர் அநேகமாக இருக்காது. சமையலறையில் அக்கா காபி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தம்பி பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

"ஆர் யூ ஸ்டில் அப் ஃபார் டின்னர்?"
"ஐ கான்ட். சம்திங் கேம் அப்."
"நோ, யூ ஆர் நாட் கெட்டிங் அவுட் ஆஃப் திஸ்."
"ஃபைன். ஐ வில் ஃபிகர் சம்திங் அவுட்."

அப், கம், கெட், அவுட். மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொற்கள். ஆனால் 'அப்' என்றால் மேலே என்றும் 'கேம்' என்றால் வந்தது என்றும் வைத்துக்கொண்டு இரண்டாவது வரியைப் படித்தால், ஏதோ ஒன்று மாடிப்படி ஏறி வந்துவிட்டது! உண்மையில் அக்கா கேட்பது, "ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றேல்ல?" தம்பி சொல்வது, "முடியாதுக்கா, திடீர்னு ஒரு வேலை வந்துடுச்சு." என்ன வேலை என்று சொல்லாமல் நழுவுவதற்கென்றே உள்ள வாக்கியம் அது. அதனால்தான் அவள் "இதுலேர்ந்து நீ கழண்டுக்க முடியாது" என்று முறைக்கிறாள். "சரி, ஏதாவது வழி பாக்கறேன்" என்று அவன் இறங்கிவருகிறான்.

இதை இங்கிலீஷின் கோணல்புத்தி என்று திட்ட வேண்டாம், தமிழிலும் இதே கதைதான். 'விடு' தெரியும், 'கொடு' தெரியும் என்கிற வெள்ளைக்காரருக்கு 'விட்டுக்கொடு' புரியுமா? 'போட்டுக்கொடுத்துட்டான்' என்றால் எதைப் போட்டான், யாருக்குக் கொடுத்தான் என்றுதான் தேடுவார்.

ஆகவே நோட்டில் ஏற வேண்டியவை புதுப்புது பெரிய வார்த்தைகள் அல்ல. நமக்குத் தெரிந்த சின்ன வார்த்தைகள் இரண்டு மூன்று சேர்ந்து, நமக்குத் தெரியாத வேலை செய்யும் இடங்கள்தான். ஒரு எபிசோடில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஓவர்' வரும் இடங்களை மட்டும் பிடித்துப் பாருங்கள், அதற்கே நேரம் சரியாக இருக்கும்.

எழுத்தில் பார்த்தால் புரிகிறது, காதில் விழுவதில்லை. அவ்வளவு வேகமாகவா பேசுகிறார்கள்?

வேகம் பாதிதான் காரணம். மீதி, சொற்கள் ஒட்டிக்கொள்வது. புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு கோயம்பேட்டில் வந்து இறங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' அவருக்குத் தெரியும். 'வந்துட்ருக்கேன்' தெரியாது. இங்கிலீஷிலும் அப்படித்தான்: 'கோயிங் டு' பேச்சில் 'கானா' ஆகிறது, 'வான்ட் டு' 'வானா' ஆகிறது, 'டிட் யூ' 'டிஜ்ஜூ' ஆகிறது. அமெரிக்கர்கள் இரண்டு உயிரொலிக்கு நடுவே வரும் 'ட்'டை நாம் 'பாடம்' என்பதில் சொல்வது போல மென்மையாக்கிவிடுவார்கள். அதனால் 'வாட்டர்' 'வாடர்' என்றும் 'கெட் இட்' 'கெடிட்' என்றும் கேட்கும்.

காதில் விழாத ஒரு வரி வந்தால் பத்து விநாடி பின்னால் போங்கள். மூன்று முறை கேட்டும் பிடிபடாவிட்டால் சப்டைட்டிலைப் பாருங்கள், பார்த்துவிட்டு நான்காவது முறை கேளுங்கள். அந்த நான்காவது முறையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காது பழகுவதே அதில்தான்.

தமிழ் சப்டைட்டிலா, இங்கிலீஷ் சப்டைட்டிலா, எதுவுமே வேண்டாமா?

இங்கிலீஷ் பேச்சு, இங்கிலீஷ் எழுத்து. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இருவர் நெதர்லாந்துக்காரர்களை வைத்து நடத்திய சோதனை ஒன்று 2009-இல் வெளியானது. ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசும் காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பழகியது. பிறகு புதிய வாக்கியங்களைக் கேட்டபோதும் நன்றாகப் பிடித்தார்கள். தங்கள் தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்கள் புதிய வாக்கியங்களில் பின்தங்கினார்கள். திரையில் எழுத்து ஓடினால் கண் தானாக அதற்குப் போய்விடும். எழுத்து தமிழாக இருந்தால் காதுக்கு விடுமுறை.

அதற்காகத் தமிழ் சப்டைட்டில் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பிடிஎஸ் என்ற தென்கொரியப் பாப் இசைக்குழுவின் ஆர்எம், 'ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் மூலம் இங்கிலீஷ் கற்றதாக 2017-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். முதலில் கொரிய எழுத்தோடு, அடுத்து இங்கிலீஷ் எழுத்தோடு, கடைசியில் எழுத்தே இல்லாமல். கதை புரியவே இல்லை என்றால் முதல் சுற்றைத் தமிழில் பாருங்கள், தப்பில்லை. அந்த ஒரு சுற்றோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

'சிசி' என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது என்ன?

காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில். நமக்கு இதுதான் புதையல். பேச்சோடு சத்தங்களையும் எழுத்தில் போடுவார்கள். ஒருத்தி பெருமூச்சு விட்டால் 'சைஸ்' (sighs). 'இவன் மூஞ்சி' என்று ஏளனமாக மூச்சை விட்டால் 'ஸ்காஃப்ஸ்'. வாய்க்குள் சிரித்தால் 'சக்கிள்ஸ்', வலியில் முனகினால் 'க்ரோன்ஸ்', தனக்குள் முணுமுணுத்தால் 'மட்டர்ஸ்', கதவு கிறீச்சிட்டால் 'க்ரீக்ஸ்'. பாடப்புத்தகத்தில் இவற்றை எங்கே படித்தோம்? இங்கே நடிகையே செய்துகாட்டுகிறார், பெயர் கீழே ஓடுகிறது. கிரிக்கெட்டில் 'எட்ஜ்' கற்ற அதே வழி.

பேச்சு ஒன்று, எழுத்து வேறொன்றாக இருக்கிறதே?

கொரிய, ஸ்பானியத் தொடர்களை இங்கிலீஷ் டப்பிங்கில் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். டப்பிங் வசனத்தை வாயசைவுக்கு ஏற்ப எழுதுகிறார்கள், சப்டைட்டிலைப் படிப்பதற்கு ஏற்ப எழுதுகிறார்கள். இரண்டும் தனித்தனி மொழிபெயர்ப்பு. 'சிசி' இருந்தால் டப்பிங்கோடு ஒத்துப்போகலாம். இங்கிலீஷ் கற்பதற்கு இங்கிலீஷிலேயே எடுத்த தொடரைப் பார்ப்பது நல்லது.

எந்தத் தொடரில் ஆரம்பிப்பது?

வீட்டுக்குள் நடப்பது, எபிசோடு சின்னது, ஆட்கள் மாறாதது. 'ஃபிரண்ட்ஸ்' தொடரை ஊரே சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுதான். 1994 முதல் 2004 வரை 236 எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நிமிடம், அதே ஆறு பேர், அதே சோஃபா. ஒரு ஆள் பேசும் விதம் பழகிவிட்டால் அடுத்த எபிசோடு தானாகவே எளிதாகிறது. இந்த மாதிரி நகைச்சுவைத் தொடரில் (சிட்காம்) சிரிப்புச் சத்தம் வரும் இடம் ஒரு சின்னப் பரீட்சை மாதிரி: அவர்கள் சிரித்துவிட்டார்கள், நான் சிரிக்கவில்லை என்றால் அங்கே ஏதோ ஒன்றைத் தவறவிட்டேன். அந்த இடத்தில் நிறுத்துவேன்.

அதுவும் கஷ்டமாக இருக்கிறதா? 'பெப்பா பிக்' என்ற குழந்தைகள் கார்ட்டூனைப் பாருங்கள். கூச்சம் வேண்டாம். ஐந்து நிமிடம்தான். மழை, சேறு, தாத்தா பாட்டி வீடு, விளையாட்டு, அடம்பிடிப்பது என்று அன்றாடப் பேச்செல்லாம் அதில் இருக்கிறது. 'சேற்றில் குதிக்கிறேன்' என்று இங்கிலீஷில் சொல்ல உங்களுக்கு இன்று வருமா?

சமையல் போட்டி நிகழ்ச்சிகளும் நன்றாக வேலை செய்யும். 'சிம்மர்' என்ற சொல்லும் சட்டியில் மெல்லக் கொதிப்பதும் ஒன்றாகத் திரையில் வரும். வாணலியில் வதக்குவது, கிண்டுவது, வடிகட்டுவது என்று நம் சமையலறையில் தினமும் செய்யும் வேலைகளுக்கே நமக்கு இங்கிலீஷ் தெரியாது.

நீதிமன்றம், ஆஸ்பத்திரி, ராஜா காலத்துச் சண்டை இவையெல்லாம் பிறகு. வாள்வீச்சுச் சொற்களை வைத்துக்கொண்டு பேங்கில் என்ன செய்வது?

அமெரிக்க இங்கிலீஷா, பிரிட்டிஷ் இங்கிலீஷா?

நாம் ஏற்கெனவே பாதி பிரிட்டிஷ். லாரி, லிஃப்ட், பெட்ரோல், டார்ச் எல்லாம் அவர்கள் விட்டுச்சென்றவை. அமெரிக்கத் தொடரில் அவை டிரக், எலிவேட்டர், கேஸ், ஃப்ளாஷ்லைட். இரண்டும் காதில் விழட்டும், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சில இடங்களில் ஒரே சொல் நேர் எதிராக நிற்கும். என் அனுபவம் ஒன்று. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் போனில் ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தவர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்று முடித்தார். 'மசோதா அவையில் டேபிள் செய்யப்பட்டது' என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவன் நான். அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்கப்போகிறார் என்று நினைத்து இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பதினாறு ஸ்லைடு தயார் செய்தேன். பிரிட்டனில் 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு 'இப்போதைக்கு ஒத்திப்போடுவோம்' என்று பொருள். மறுநாள் அந்த ஸ்லைடுகளை யாரும் கேட்கவில்லை. 'டேபிள்' எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த சொல்!

நாம் பேசும் இங்கிலீஷ் வார்த்தைகள் தொடர்களில் வேறு அர்த்தத்தில் வருகின்றனவே?

வரும். இதற்கென்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கல்யாண விளம்பரத்தில் 'ஹோம்லி'யான பெண் வேண்டும் என்கிறோம். அமெரிக்கர் காதில் அது 'பார்க்கச் சுமாரான பெண்' என்று விழும். காலேஜில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்கிறோம், அங்கே மயக்கம் போட்டு விழுந்தவர்தான் 'பாஸ் அவுட்' ஆவார். வாத்தியாரிடம் 'டவுட்' கேட்கிறோம். அங்கே 'டவுட்' என்பது நம்பிக்கையின்மை, நாம் கேட்க நினைப்பது 'கொஸ்டின்'. கடையில் 'கவர்' கேட்டால் முழிப்பார்கள், 'பேக்' என்று கேட்க வேண்டும். 'கரன்ட்' போனால் அவர்களுக்கு 'பவர்' போகும். காரின் 'டிக்கி' பிரிட்டனில் 'பூட்', அமெரிக்காவில் 'ட்ரங்க்'.

'ஸ்டெப்னி' தனிக்கதை. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், மாற்றுச் சக்கரம் செய்த கடை ஒன்று இருந்தது. அதன் பெயரைத்தான் நம் மெக்கானிக்குகள் இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். இங்கிலீஷ் தொடரில் 'ஸ்பேர்' என்றுதான் வரும்.

இவற்றை வெட்கப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. நம் ஊரில் நம்முடையது செல்லும். வெளியே பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

எப்படிக் குறித்துவைப்பது?

எபிசோடுக்கு ஐந்து. ஐம்பது எழுதுகிறவர்கள் மூன்றாவது நாள் நோட்டைத் திறப்பதில்லை, நானும் அப்படி இரண்டு நோட்டை வீணாக்கியிருக்கிறேன்.

தனிச்சொல்லை எழுதாதீர்கள், வசனத்தை முழுதாக எழுதுங்கள். கீழே யார், யாரிடம், எந்த மனநிலையில் சொன்னார் என்று ஒரு வரி. அதன் கீழே அகராதிப் பொருள் அல்ல, அதே இடத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது. என் நோட்டில் 'சம்திங் கேம் அப்' என்பதற்கு நேரே 'சித்தப்பா கல்யாணத்துக்கு வராம சொன்ன சாக்கு' என்று எழுதியிருக்கிறேன். மறக்கவே இல்லை.

திருப்பிப் பார்ப்பதற்கு, செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் விளக்கிய பெட்டி முறை இருக்கிறது. வசனத்தைச் சின்ன அட்டையில் எழுதி முதல் பெட்டியில் போடுங்கள். அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டியை இன்னும் அரிதாகத் திறந்தால் போதும். தப்பினால் முதல் பெட்டிக்கே திரும்பும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் தடுப்பு வைத்தாலே வேலை முடிந்தது. அதையே போனில் செய்ய 'ஆங்கி' செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐஃபோனில் காசு.

இதற்கென்று தனிக் கருவிகள் உண்டா?

கணினியில் குரோம் உலாவி இருந்தால் 'லாங்குவேஜ் ரியாக்டர்' போட்டுக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டிலும் ஓடும். இரண்டு மொழி சப்டைட்டிலைச் சேர்த்துக் காட்டும், சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் பொருள் சொல்லும், ஒவ்வொரு வரி முடிந்ததும் தானாக நிற்கவும் வைக்கலாம். டிவியில் இது கிடைக்காது. நெட்ஃபிளிக்ஸில் வேகத்தை 0.75-ஆகக் குறைக்கலாம், ஆனால் அதிலேயே பழகிவிடாதீர்கள்.

பல தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு தொடர் மூன்று மாதத்துக்குத் தாங்கும். காசே இல்லை என்றால் யூடியூபிலேயே சின்னச் சின்ன அதிகாரப்பூர்வக் காட்சிகள் நிறைய இருக்கின்றன. மூன்று நிமிடக் காட்சியை ஐந்து தடவை பார்ப்பது, ஒரு முழு சீசனை விடிய விடியப் பார்ப்பதைவிட மேல்.

'படிக்கிறேன்னு சொல்லிட்டு படம் பாக்குறியா' என்று அம்மா திட்டுகிறார்.

நோட்டைக் காட்டுங்கள். நோட்டு காலியாக இருந்தால் அம்மா பக்கம்தான் நான்.

கெட்ட வார்த்தைகள் நிறைய வருகின்றனவே?

புரிந்துகொள்ளுங்கள், வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த வார்த்தை எவ்வளவு காரம் என்பது பிறந்து வளர்ந்தவர்களுக்கே கைவரும் கணக்கு. 'ஷட் அப்' கூட நண்பர்களுக்குள் 'அட, நிஜமாவா!' என்று வரும். அதை நம்பி மேலதிகாரியிடம் சொன்னால் அதோடு கதை முடிந்தது.

பேச வருமா? ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு உதவுமா?

பேச வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். குறித்த ஐந்து வசனங்களை நடிகரோடு சேர்ந்தே, அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லுங்கள். முதல் வாரம் நாடக ஒத்திகை மாதிரி இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தேர்வைப் பொறுத்தவரை கேட்கும் பகுதிக்கு நல்ல பயிற்சி. கட்டுரை எழுதும் பகுதிக்குத் தொடர்கள் பயன்படாது, அதற்குப் பத்திரிகை படிக்க வேண்டும்.

தமிழ்ப் படத்தை இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்த்தால்?

காதுக்குப் பயிற்சி இல்லை, ஆனால் வார்த்தைக்கு அருமையான பயிற்சி. என்ன சொல்கிறார்கள், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பது நமக்கு நூறு சதவீதம் தெரியும். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி. முதலில் எழுத்தை அணைத்துவிட்டு ஒரு வசனத்தைக் கேளுங்கள், நீங்களே இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். பிறகு பத்து விநாடி பின்னால் போய் எழுத்தைப் போட்டு ஒப்பிடுங்கள்.

'போடா' ஒன்றை எடுத்துக்கொண்டாலே ஒரு பாடம் நடத்தலாம். கோபத்தில் சொன்னால் 'கெட் லாஸ்ட்', நம்பாமல் சொன்னால் 'நோ வே', வெட்கத்தில் சொன்னால் 'ஸ்டாப் இட்', அலுப்பில் சொன்னால் 'வாட்எவர்'. சில சமயம் நீங்கள் சொன்னதே திரையில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். அந்த எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கூட்டாளியைக் கூப்பிடும் 'மச்சான்' 'டூட்' ஆவது சரி, அக்காவின் கணவரைப் பயபக்தியோடு கூப்பிட்ட 'மச்சான்' கூட 'டூட்' ஆகிக் கீழே ஓடியதை ஒருமுறை பார்த்தேன்.